புது நாயகனை முதலில் யார் நம்புவது?

1966 அக்டோபர் 29, சனிக்கிழமை மாலை. பிபிசியில் மூன்று வருடமாக ஓடிக்கொண்டிருந்த 'டாக்டர் ஹூ' தொடரின் நாயகன் தன் விண்கலத்துக்குள் தள்ளாடி வந்து தரையில் சாய்கிறார். நரைத்த நீள முடி, சுருங்கிய முகம். அந்த முகத்தின் மேல் வெளிச்சம் பொங்குகிறது. வெளிச்சம் அடங்கியபோது அங்கே கிடப்பது வேறொரு ஆள். கறுத்த முடி, பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். எபிசோடு அத்தோடு முடிந்தது. இந்தப் பழைய உடம்பு தேய்ந்துகொண்டே வருகிறது என்று கொஞ்ச நேரத்துக்கு முன் அவர் முனகியதைத் தவிர ஒரு வரி விளக்கமும் கிடையாது.

பல வருடம் ஓடும் ஒரு தொடரில் முதன்மைப் பாத்திரத்தை மாற்ற வேண்டிய நாள் எப்படியும் ஒருநாள் வரும். நடிகருக்கு உடம்பு முடியாமல் போகலாம், சம்பளப் பேச்சு முறியலாம், சினிமா வாய்ப்பு வரலாம், சலித்துப் போகலாம், இறந்தே போகலாம். தொடர் மட்டும் நிற்கக் கூடாது. அந்த நேரத்துக்கு விளம்பரம் விற்றாகிவிட்டது, நூறு பேருக்குச் சம்பளம் இருக்கிறது. ஆகவே புதியவர் ஒருவர் உள்ளே வருகிறார். அவர் நன்றாக நடிக்கிறாரா என்பதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். என் கணிப்பில் அது இரண்டாவது கேள்வி. கதைக்குள் ஏற்கெனவே இருப்பவர்களில் அவரை யார் சந்தேகப்படுகிறார்கள், அந்தச் சந்தேகம் எப்படித் தீர்கிறது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. பார்வையாளர்கள் புதியவரை நேரடியாக ஏற்றுக்கொள்வதில்லை. தாங்கள் நம்பும் பழைய ஆள் ஒருவர் ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஏற்றுக்கொள்கிறார்கள்.

டாக்டர் ஹூ இதை எப்படிச் செய்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு ரத்தக்குழாய்கள் இறுகும் நோய். வசனம் மனதில் நிற்கவில்லை. அவரை மாற்றும் யோசனை அந்த அக்டோபரில் திடீரென்று முளைத்ததல்ல. அந்த வருடத் தொடக்கத்திலேயே அப்போதைய தயாரிப்பாளர் ஜான் வைல்ஸ் ஒரு திட்டம் வைத்திருந்தார். மாயவிளையாட்டுக்காரன் ஒருவன் டாக்டரைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுவான், மறுபடி தெரியும்போது வேறு நடிகர் நிற்பார். கதை படமாயிற்று, டாக்டரும் மறைந்தார். ஆனால் மேலிடம் சம்மதிக்காததால் பழைய முகத்தோடே திரும்பி வந்தார். அந்தத் திட்டம் நிறைவேறியிருந்தால் தொடர் சீக்கிரமே முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒரு வில்லன் போட்ட மந்திரத்தால் முகம் மாறினால் அது நாயகனுக்கு நேர்ந்த விபத்து. அதை அடுத்த முறை திரும்பச் செய்ய முடியாது.

அடுத்து வந்த தயாரிப்பாளர் இன்னஸ் லாயிடும் கதைப் பொறுப்பாளர் ஜெர்ரி டேவிஸும் வேறு வழி எடுத்தார்கள். நாயகன் மனிதன் இல்லை, வேற்றுக்கிரகவாசி. உடம்பு தேய்ந்தால் புதுப்பித்துக்கொள்வது அவனுடைய இயல்பு என்று வைத்துவிட்டார்கள். நோயையே கதையின் விதியாக்கியாயிற்று. அந்த வெளிச்சப் பொங்கல்கூட ஸ்டுடியோவில் கிடைத்த அதிர்ஷ்டம்தான். காட்சிகளைக் கலக்கும் பலகை ஒன்றில் கோளாறு இருந்தது, படத்தை எரித்ததுபோல் வெளுக்கடித்தது. காட்சிக் கலவை செய்த ஷர்லி கோவர்ட் அந்தக் கோளாறையே பயன்படுத்தி ஒரு முகத்தை இன்னொரு முகத்துக்குள் கரைத்தார்.

ஆனால் மாயக்காட்சி சுலபமான பகுதி. கஷ்டம் அடுத்த சனிக்கிழமை, நவம்பர் 5 அன்று காத்திருந்தது. புது நடிகர் பேட்ரிக் ட்ரௌட்டன் எழுந்து உட்கார்ந்து என்ன பேசுவது? டேவிட் விட்டேக்கர் எழுதிய அந்த ஆறு எபிசோடு கதையின் காட்சிகள் முழுதாக இன்று பிபிசியிடம் இல்லை. அந்தக் காலத்தில் பழைய பதிவுகளை அழித்துவிடுவது வழக்கம். ரசிகர்கள் வீட்டில் பதிவு செய்து வைத்திருந்த ஒலி தப்பியது. 2016இல் அந்த ஒலிக்கு அனிமேஷன் செய்து வெளியிட்டார்கள். அதைப் பார்த்தால் எழுத்தின் சாமர்த்தியம் தெரியும்.

விண்கலத்தில் பழைய துணைவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். பாலி என்ற இளம்பெண், பென் என்ற கப்பற்படை இளைஞன். பாலி நம்பத் தயாராக இருக்கிறாள், பென் துளிகூட நம்பவில்லை. புதியவரோ உதவி செய்வதாக இல்லை. பழைய டாக்டர் அணிந்திருந்த மோதிரத்தை விரலில் போட்டுப் பார்க்கிறார், பொருந்தாமல் நழுவுகிறது. கண்ணாடி பார்க்கிறார், ஒரு நொடி பழைய முகம் தெரிந்து மறைகிறது. 'டாக்டர்' என்று சொல்லும்போது வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல் படர்க்கையில் சொல்கிறார். கேள்வி கேட்டால் புல்லாங்குழல் மாதிரி ஒன்றை எடுத்து ஊதுகிறார். வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் என்னவெல்லாம் முணுமுணுப்பாரோ அதையெல்லாம் பென் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். திரைக்குள் ஒருவன் எரிச்சல்படும்போது திரைக்கு வெளியே இருப்பவரின் எரிச்சல் பாதி குறைந்துவிடும்.

இதோடு நின்றிருந்தால் நல்ல எழுத்து, அவ்வளவுதான். விட்டேக்கர் இன்னொரு படி போனார். அவர்கள் இறங்கும் கிரகத்தில் மனிதர்களின் குடியேற்றம் ஒன்று இருக்கிறது. வந்த உடனே ஒரு அதிகாரி கொலையாகிக் கிடக்க, புது டாக்டர் அந்த அதிகாரியின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு அவராகவே நடிக்க ஆரம்பிக்கிறார். ஆக, நாயகன்தானா என்றே சந்தேகமாக இருக்கும் ஆள், இப்போது இன்னொருவனாகவும் வேஷம் போடுகிறார். அங்குள்ள விஞ்ஞானி ஒருவர் டாலெக்குகளைக் கண்டெடுத்து உயிர்ப்பித்து வைத்திருக்கிறார். டாலெக் என்றால் அந்தத் தொடரின் பரம எதிரி, பிரிட்டனில் அந்தச் சமயம் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்த இயந்திரமோ பணிவாக, 'நான் உங்கள் சேவகன், நான் உங்கள் சேவகன்' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. குடியேற்றத்து ஆட்கள் மயங்கிவிட்டார்கள். அது பொய், அழித்துவிடுங்கள் என்று கத்துவது ஒரே ஒருவர், புதியவர்.

பார்ப்பவருக்குத் தெரியும் அது பொய் என்று. மூன்று வருடமாகப் பார்த்தவருக்கு டாலெக்கைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே இரண்டாவது எபிசோடு முடிவதற்குள், 'இவர் டாக்டர்தானா?' என்ற கேள்வி போய், 'இந்த மனுஷன் சொல்வதை இந்த முட்டாள்கள் ஏன் கேட்க மாட்டேன் என்கிறார்கள்?' என்ற கேள்வி வந்துவிடுகிறது. அவருக்குச் சாட்சி சொல்வதும் அந்த டாலெக்தான். கூட்டத்தில் எத்தனையோ பேர் நிற்க, அது தன் ஒற்றைக் கண்ணை அவர் பக்கம் திருப்பி நிறுத்துகிறது. நண்பன் சந்தேகப்பட்ட ஆளை எதிரி அடையாளம் கண்டுகொண்டான். இதைவிடப் பெரிய அத்தாட்சி எதைக் காட்ட முடியும்? 1966க்குப் பிறகு இந்த மாதிரி எத்தனையோ முயற்சிகள் நடந்துவிட்டன, இந்தக் கண் திரும்பும் இடத்துக்குச் சமமாக ஒன்றை நான் பார்த்ததில்லை.

சரி, வேற்றுக்கிரகவாசிக்கு இது சரிப்படும். மாமியார் மருமகள் கதைக்கு?

இங்கேதான் தமிழ் சீரியல்களின் வழக்கம் புரிய ஆரம்பிக்கிறது. வெளிநாட்டுத் தொடர்களில் நீண்ட நாள் ஓடுபவை பெரும்பாலும் ஒரு வேலையிடத்தைச் சுற்றியவை. காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம். அங்கெல்லாம் நாயகன் உட்கார்ந்திருப்பது ஒரு பதவி. பதவி என்றால் காலியாகும், மாற்றலாகி ஒருவர் போவார், இன்னொருவர் வருவார், அரசாணையே போதும். அமெரிக்காவின் 'லா அண்ட் ஆர்டர்' 1990இல் தொடங்கி முதல் சுற்றிலேயே 20 சீசன் ஓடியது. தொடக்கத்தில் இருந்த முதன்மை நடிகர்களில் ஒருவர்கூடக் கடைசியில் இல்லை. யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. நம் சீரியல் ஒரு வீட்டைச் சுற்றியது. மருமகள், அண்ணி, மூத்த அண்ணன், அம்மா. இவை உறவுகள். மருமகள் ராஜினாமா செய்துவிட்டுப் போக, அந்த இடத்துக்கு வேறு பெயரில் இன்னொரு மருமகள் சேர முடியாது. சேர்ந்தால் அது இரண்டாம் கல்யாணம், வேறு சீரியல்.

ஆகவே நம்மவர்கள் பெயரை வைத்துக்கொண்டு முகத்தை மாற்றுகிறார்கள். 'இவருக்குப் பதில் இவர்' என்ற அட்டை. மீம் போட்டுச் சிரிக்கும் விஷயமாக அது ஆகிவிட்டது. எனக்கென்னவோ அது கிண்டலுக்குரியதாகத் தெரியவில்லை. வாரத்தில் ஐந்தாறு நாள் ஓடும் தொடருக்கு நின்று மூச்சுவிட நேரமில்லை. நேற்று மாலை நடிகை விலகினார் என்றால் கையிருப்பில் இருக்கும் எபிசோடுகள் தீரும்வரைதான் அவகாசம். ஒரு அட்டை போட்டு, 'ஆள் மாறியிருக்கிறது, கதை மாறவில்லை' என்று பார்வையாளரிடம் நேராகச் சொல்லிவிடுவதில் ஒரு நாணயம் இருக்கிறது. 'பாரதி கண்ணம்மா'வில் ரோஷினி ஹரிப்ரியன் விலகியபோது அதே கண்ணம்மாவாக வினுஷா தேவி வந்து நின்றார், தொடர் அடுத்த நாளும் ஓடியது.

அட்டையில் இல்லாத ஒன்று உண்டு. கதைக்குள் யாருக்கும் எதுவும் தெரியாது. பென் மாதிரி ஒருவன் எழுந்து, 'யார் நீ?' என்று கேட்க அங்கே வழியே இல்லை. சந்தேகம் முழுவதையும் பார்ப்பவரே தனியாகச் சுமக்க வேண்டியிருக்கிறது.

'எதிர்நீச்சல்' இதில் சிக்கிய விதம் கவனிக்க வேண்டியது. திருச்செல்வம் இயக்கி 2022இல் சன் டிவியில் தொடங்கிய அந்தத் தொடரில் ஆதி குணசேகரனாக வந்தவர் மாரிமுத்து. ஆணவம் பிடித்த மூத்த அண்ணன் பாத்திரம். 'ஏய், இந்தாம்மா' என்று அவர் இழுத்துச் சொல்வதைப் பிடிக்காதவர்கள்கூடப் பேசிக் காட்டினார்கள். 2023 செப்டம்பர் 8 அன்று அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த செய்தி. அட்டை போட்டு மறுநாளே ஒருவரைக் கொண்டுவர முடியாது என்பது தயாரிப்புத் தரப்புக்குப் புரிந்திருந்தது. சில வாரம் குணசேகரன் வீட்டில் இல்லாமலேயே கதையை நகர்த்தினார்கள். அவர் எங்கே என்று வீடே தவித்தது. அதற்குப் பிறகுதான் எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி குணசேகரனாக வந்தார்.

அந்த இடைவெளி நல்ல முடிவு. பார்ப்பவர் துக்கப்பட ஒரு அவகாசம் கிடைத்தது, வீட்டுப் பெண்களின் பதற்றம் அதற்கு ஒரு மறைமுகமான உருவம் கொடுத்தது. ஆனால் புதியவர் வாசலில் வந்து நின்றதும் அந்தப் பெண்கள் அதே பழைய பயத்தோடு அவரைப் பார்க்க வேண்டியதாயிற்று, வேறு வழியில்லை. வேல ராமமூர்த்திக்கென்று தனிக் கம்பீரம் உண்டு, மீசையும் குரலும் வேறு ரகம். மாரிமுத்துவின் குணசேகரனில் இருந்த நக்கல் இவரிடம் இறுக்கமாக மாறியது. முகம் மாறினால் குணமும் கொஞ்சம் மாறத்தான் செய்யும். கதைக்குள் அதைக் கவனிக்க யாருக்கும் உரிமை இல்லாததால், கவனித்தவர்கள் எல்லாம் யூடியூப் கமெண்டில் போய்ச் சொன்னார்கள்.

பாத்திரத்தையே மாற்றிப் பார்த்த உதாரணமும் நம்மிடம் உண்டு. 2020இல் வந்த 'சித்தி 2'. ராதிகா 2021 தொடக்கத்தில் விலகினார். அவருக்குப் பதில் இன்னொருவரைப் போடாமல், வெண்பா என்ற இளம்பெண்ணின் கதையாகத் தொடரைத் திருப்பினார்கள். சித்தி இல்லாத 'சித்தி'. அந்த ஆண்டே முடிந்துபோனது.

குடும்பக் கதைக்குள்ளேயே இதற்கு வழி கண்டவர்கள் இந்திக்காரர்கள். ஸ்டார் பிளஸில் 2009 ஜனவரியில் தொடங்கிய 'யே ரிஷ்தா க்யா கெஹ்லாதா ஹை' 4,000 எபிசோடுகளைத் தாண்டி இன்னும் ஓடுகிறது. முதல் நாயகி அக்ஷரா, நடித்தவர் ஹினா கான். 2016இல் அவர் விலக, அக்ஷராவின் மகள் நாயரா நாயகி ஆனாள். 2021இல் நாயராவின் மகள். அவளுக்குப் பாட்டியின் பெயரையே வைத்து மறுபடி ஒரு அக்ஷரா. 2023 இறுதியில் அடுத்த தலைமுறை, அபிரா. உறவு காலியாகாது, ஆனால் பரம்பரையாக இறங்கும். மகளைச் சின்ன வயதிலிருந்தே பார்வையாளர் பார்த்திருப்பார்கள், அவள் கல்யாண வயதுக்கு வரும்போது புது ஆளாகத் தெரிய மாட்டாள். வேறு நடிகை வந்தாலும் வளர்ந்துவிட்டாள் என்ற சாக்கு கையில் இருக்கிறது. இருபது வருடம் தாண்டிக் குதிக்கும் அபத்தம், வயதே ஆகாத தாத்தாக்கள், எல்லாம் உண்டுதான். ஆனால் கணக்கு சரியான கணக்கு.

திரும்ப பிரிட்டனுக்குப் போனால், வேலையிடக் கதையை இதே அக்கறையோடு கையாண்ட தொடர் 'டெத் இன் பாரடைஸ்'. கரீபியக் கடலில் செயிண்ட் மேரி என்ற கற்பனைத் தீவு, படப்பிடிப்பு குவாதலூப்பில். கொளுத்தும் வெயிலில் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு அலையும் ஆங்கிலத் துப்பறிவாளர் ரிச்சர்ட் பூல், 2011இலிருந்து நாயகன். நடித்தவர் பென் மில்லர். வருடத்தில் பாதியைக் குடும்பத்தை விட்டுத் தீவில் கழிக்க முடியாமல் விலகினார். மாற்றலாகி லண்டன் போய்விட்டார் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், 2014 ஜனவரியில் மூன்றாவது சீசனின் முதல் எபிசோடு தொடங்கிய சில நிமிடத்திலேயே பூலைப் பனிக்கட்டி உடைக்கும் ஊசியால் குத்திக் கொன்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்து கிடக்கிறார். யார் கொன்றது என்று கண்டுபிடிக்க லண்டனிலிருந்து அனுப்பப்படுபவர்தான் புது நாயகன் ஹம்ஃப்ரி குட்மன்.

வந்தவர் சட்டை கசங்கிய ஆள், எதிலாவது தடுக்கி விழுந்துகொண்டே இருப்பார். துப்புகளைக் கையில் கிடைத்த காகிதத் துண்டில் கிறுக்கி வைப்பார். நிலையத்தில் இருக்கும் பூலின் சகாக்கள் அழுது சிவந்த கண்ணோடு அவரைப் பார்க்கிறார்கள். பூலோடு நெருக்கமாக இருந்த கமில் முகம் கொடுத்தே பேசுவதில்லை. அவர்களுக்கு இவரைப் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை, கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்தால் போதும். கடைசியில் கொடுக்கிறார். இந்த ஒரு எபிசோடில் பழையவருக்கு இறுதிச்சடங்கும் நடந்தது, புதியவருக்கு நேர்முகத் தேர்வும் நடந்தது. கடற்கரைக் குடிலும் அதில் குடியிருக்கும் ஹாரி என்ற பல்லியும் அப்படியே இருந்தன. இன்று ஐந்தாவது துப்பறிவாளர் வந்துவிட்டார், 2024 கிறிஸ்துமஸிலிருந்து டான் கிலெட். ஆணையர் செல்வின் பேட்டர்சனாக டான் வாரிங்டன், ஐந்து பேரையும் அதே உர்ரென்ற முகத்தோடு வரவேற்றிருக்கிறார்.

எல்லா மாற்றத்திலும் மனம் உடைய வேண்டும் என்பதில்லை. அதே தொடரில் மூன்றாவது நாயகன் வந்தது வேறு விதம். குட்மன் ஒரு வழக்குக்காக லண்டன் போகிறார், அங்கே ஜாக் மூனி என்பவரோடு சேர்ந்து துப்பறிகிறார், காதலியோடு அங்கேயே தங்கிவிடுகிறார், மூனி தீவுக்குக் கிளம்புகிறார். பழையவரே புதியவரைக் கைபிடித்து அறிமுகப்படுத்திவிட்டதால் வேலை மிச்சம்.

இத்தனையும் சொன்ன பிறகு என் கட்சிக்கு எதிரான சாட்சி ஒன்றையும் பார்த்தாக வேண்டும். 2010இல் டாக்டர் ஹூவில் மேட் ஸ்மித் வந்தபோது கதைக்குள் பழைய ஆள் ஒருவரும் இல்லை. துணைப் பாத்திரங்கள் புதிது, எழுத்துப் பொறுப்பாளர் ஸ்டீவன் மொஃபாட்டும் அந்தப் பொறுப்புக்குப் புதிது. சந்தேகப்பட பென் இல்லை. அப்படியும் அந்த எபிசோடு அபாரமாக எடுபட்டது. எப்படி?

டாக்டரின் கலம் ஒரு வீட்டுத் தோட்டத்தில் நொறுங்கி விழுகிறது. வெளியே வருபவரை எதிர்கொள்வது ஏழெட்டு வயதுச் சிறுமி அமீலியா. பசிக்கிறது என்கிறார். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, ஒவ்வொன்றையும் துப்புகிறார். கடைசியில் மீன் வறுவலைக் கஸ்டர்டில் தொட்டுத் தின்கிறார். ஐந்து நிமிடத்தில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவள் பெட்டி கட்டிக்கொண்டு தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் திரும்பி வரும்போது பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. அவளுக்கு அதற்குள் நாலு மனநல மருத்துவர்களைக் கடித்துவைத்த அனுபவம். இப்போது அவள் கோபமாக நிற்கிறாள். கவனியுங்கள், இருபது நிமிடத்துக்குள் ஒரு பழைய ஆளை உற்பத்தி செய்துவிட்டார் மொஃபாட். அவரைத் தெரிந்தவள், நம்பி ஏமாந்தவள், பன்னிரண்டு வருடமாகக் காத்திருந்தவள். ஆள் இல்லையென்றால் காலத்தை வளைத்தாவது ஒருவரைச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. எதிர்சாட்சி என்று கூப்பிட்டது நம் பக்கமே பேசிவிட்டது.

2005 கிறிஸ்துமஸில் டேவிட் டென்னன்ட் வந்த விதம் இதற்கு நேர்மாறு. அந்த முழு நீள எபிசோடில் பெரும்பகுதி அவர் இரவு உடையில் தூங்கிக்கொண்டிருக்கிறார். பூமியை எதிரிகள் சூழ்கிறார்கள், டாக்டரோடு பயணிக்கும் ரோஸ் என்ற இளம்பெண் தனக்குத் தெரிந்த அரைகுறை வார்த்தைகளை வைத்து அவர்களிடம் பேசிப் பார்த்துத் தோற்கிறாள். ஃபிளாஸ்கிலிருந்து சிந்திய தேநீரின் ஆவி பட்டு அவர் எழுந்து வரும்போது, இவர் யார் என்று கேட்கும் நிலையில் யாரும் இல்லை. வந்தாரே, அது போதும். புதியவர் இல்லாத குறையை முதலில் காட்டிவிட்டால் அவர் வருகைக்கு வக்காலத்து தேவைப்படாது. நம்மூர் சினிமாவில் ஹீரோ அறிமுகத்தைத் தள்ளிப்போடுவது இதே நுட்பம்தான்.

2014இல் பீட்டர் கபால்டி வந்தபோது சந்தேகத்தை இன்னும் வெளிப்படையாக வைத்தார்கள். இளம் டாக்டரோடு பயணித்த கிளாராவுக்கு, ஐம்பது தாண்டிய இந்த ஸ்காட்லாந்துக்காரர் பிடிபடவில்லை. எபிசோடின் கடைசியில் அவளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. பேசுவது பழைய டாக்டர், மேட் ஸ்மித். சாகப்போகும் தறுவாயிலிருந்து கூப்பிட்டு, அங்கே நிற்கும் புது ஆள் பயந்துபோயிருக்கிறான், அவனுக்கு உதவி செய் என்கிறார். கொஞ்சம் அதிகப்படி என்றுதான் சொல்வேன். பழைய நாயகனே வந்து பரிந்துரை செய்ய வேண்டியிருந்தால், எழுதியவருக்கே புதியவர் மேல் முழு நம்பிக்கை வரவில்லை என்று அர்த்தம். கபால்டிக்கு அது தேவையே பட்டிருக்காது.

கடைசியாக, இந்தக் கணக்கை ஒரு சீசன் சரியாகப் போட்டு அடுத்த சீசனில் கோட்டைவிட்ட தொடர் ஒன்று: 'தி எக்ஸ் ஃபைல்ஸ்'. 1993இல் தொடங்கிய அதில் இரண்டு நாயகர்கள். அமானுஷ்யத்தை நம்பும் மல்டர், எதையும் விஞ்ஞானக் கண்ணால் பார்க்கும் ஸ்கல்லி. மல்டராக நடித்த டேவிட் டுகோவ்னி ஏழாவது சீசனோடு முழுநேரம் நடிக்க மறுத்தார். 2000 மே மாதம் மல்டரை வேற்றுக்கிரகவாசிகள் தூக்கிப்போனதாக முடித்தார்கள். நவம்பரில் எட்டாவது சீசன் தொடங்கும்போது புதியவர் ஜான் டாகெட், நடித்தவர் ராபர்ட் பேட்ரிக்.

அவருடைய முதல் காட்சி இப்படி. எஃப்பிஐ அலுவலகத்தில் ஸ்கல்லி உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் இருப்பவர் சகஜமாகப் பேச்சுக் கொடுக்கிறார், தனக்கு மல்டரைப் பழக்கம் என்கிறார், மல்டரைப் பற்றி ஏதேதோ கேள்விப்பட்டதாக இழுக்கிறார். ஆழம் பார்க்கிறார் என்று ஸ்கல்லிக்கு உறைக்கிறது. மல்டரைத் தேடும் குழுவின் தலைவனே இந்த ஆள்தான். கையிலிருந்த தண்ணீரை அவர் முகத்தில் விசிறிவிட்டு எழுந்து போகிறாள். இணையத்தில் அப்போது டாகெட் மேல் ஆத்திரமாக இருந்த ரசிகர் எவரும் இதைவிட அதிகமாக ஆசைப்பட்டிருக்க முடியாது. அவர்கள் செய்ய நினைத்ததை ஸ்கல்லி செய்துவிட்டாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்த ஆள் வேலையைப் பார்க்கிறார், பழைய கோப்புகளை எல்லாம் உட்கார்ந்து படிக்கிறார், பொய் சொல்லாமல் தேடுகிறார். அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக மரியாதை சம்பாதித்தார்.

அதைவிட முக்கியமான காய் நகர்த்தல் இன்னொன்று. டாகெட்டை மல்டரின் இடத்தில் உட்கார வைக்கவில்லை. மல்டரின் இடத்துக்கு ஸ்கல்லி நகர்ந்தாள். ஏழு வருடம் எதையும் நம்பாதவள், இப்போது நம்புகிறவளாகப் பேச வேண்டிய கட்டாயம். காலியான ஸ்கல்லியின் இடத்தில், நம்பாதவராக டாகெட் வந்தார். பழையவள் போய்விட்டவனின் வேலையைச் செய்து பார்க்கிறாள், தடுமாறுகிறாள், அவன் எப்படிச் சமாளித்தான் என்று அவளுக்கே அப்போதுதான் புரிகிறது. மல்டர் திரையில் இல்லாத எபிசோடுகளிலும் மல்டர் இருந்தார். டுகோவ்னி ஏறத்தாழப் பாதி எபிசோடுகளில்தான் தலைகாட்டினார், அப்படியும் எட்டாவது சீசன் இன்று திரும்பப் பார்க்கும்போது தரமாக நிற்கிறது.

ஒன்பதாவது சீசனில் டாகெட்டோடு மோனிகா ரெயஸ் என்ற இன்னொரு அதிகாரியை முன்னால் கொண்டுவந்தார்கள். ஸ்கல்லியைக் குவான்டிகோ பயிற்சி மையத்தில் பாடம் எடுக்க அனுப்பிவிட்டார்கள். அவ்வப்போது வந்து கருத்துச் சொல்லிவிட்டுப் போனாள். கோப்புகளைப் பார்ப்பது இரண்டு புதியவர்கள், அவர்களைச் சந்தேகப்படவோ பிறகு மனம் மாறவோ அந்த அறையில் பழையவர் யாரும் இல்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவர்கள் வேறு. தொடருக்கு வயதாகிவிட்டிருந்தது, பார்வையாளர்கள் எட்டிலேயே கலையத் தொடங்கியிருந்தார்கள், எல்லாம் சரிதான். ஆனால் யாருடைய கண் வழியாகப் பார்ப்பது என்று தெரியாமல் மீதி இருந்தவர்களும் எழுந்து போனதை அதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2002 மே மாதம் முடித்தார்கள். முடிக்கும் எபிசோடுக்கு மல்டரைக் கூப்பிட வேண்டியிருந்தது.

2016இலும் 2018இலும் தொடர் மறுபடி உயிர்பெற்றபோது மல்டரும் ஸ்கல்லியும் வந்தார்கள். ரெயஸுக்கும் இடம் இருந்தது. டாகெட் வரவில்லை.